லட்டு தின்ற நாய்க்குக் கேழ்வரகு உருண்டை

திருச்சானூரில் நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜில் பதினெட்டு அறைகள், ஒரு லிஃப்ட், ஒரு நாய். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. நாய் எந்த நாளும் ஓடாது. என் மேசைக்கு நேர் எதிரே, செருப்பு விடும் இடத்தில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் தாண்டித்தான் போகவேண்டும் என்கிற மாதிரி குறுக்கே படுத்திருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் மழைக்கு ஒதுங்கிய குட்டி அது. இரண்டு முறை விரட்டியவன் நான்தான். மூன்றாம் முறை விரட்டப் போனபோது என் செருப்பின்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. உருவினால் விழித்துக்கொள்ளுமே என்று வெறுங்காலோடு வீட்டுக்குப் போனேன். வீடு லாட்ஜுக்குப் பின்பக்கம்தான், ஓர் அறையும் சமையலறையும். “இன்னாயா, செருப்பு எங்க?” என்று கேட்ட என் மனைவியிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

அதற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. தங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அது எல்லாவற்றுக்கும் வாலாட்டும். ஏனென்றால் கூப்பிட்டவர் கையில் லட்டு இருக்கும். மலையிலிருந்து இறங்கி, கீழே தாயாரையும் சேவித்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்புகிறவர்களுக்கு மனசு நிறைந்திருக்கும், கை தாராளமாக இருக்கும், எதிரே முதலில் தென்படும் வாயில்லா ஜீவன் இது. ஒரு விள்ளல் பிய்த்துப் போடுவார்கள். பதினெட்டு அறைக்குப் பதினெட்டு விள்ளல். கூட்ட நாளில் சொல்லவே வேண்டாம். மூன்று வருடத்தில் அது படுத்தால் எழுந்திருக்கவும் எழுந்தால் படுக்கவும் யோசிக்கிற நாயாகிவிட்டது.

நான் தடுக்கவில்லையா என்று கேட்கலாம். எப்படித் தடுப்பது? எங்கள் பக்கத்தில் பிரசாதத்தை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீட்டினால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போடவேண்டும், அவ்வளவுதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது லாட்ஜில் எல்லாருக்கும் தெரியும். வெந்நீர் வரவில்லை என்று நடு வராந்தாவில் கத்துகிறவர்களை விடச் சத்தமாகக் கத்தியிருக்கிறேன். ஆனால் லட்டு நீட்டுகிற கைக்கு முன்னால் வாயைத் திறக்க எனக்கும் தைரியம் வந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அது எழுந்திருக்கவே இல்லை. இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தது, கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். உடம்பு சரியில்லை என்றதும் உச்சுக்கொட்டி, பையில் கைவிட்டு, ஒரு துண்டு லட்டை எடுத்து நீட்டினார். சாமி பார்த்துக்கொள்வார், எல்லாம் சரியாகிவிடும் என்றார். நான் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அந்த நிலையிலும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை பாருங்கள்.

திருப்பதியில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் அதன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, “ஏம் பெட்டேரு?” என்றார். என்ன போட்டீர்கள் என்று கேட்கிறார்.

“லட்டு சார்.”

“எவ்ளோ?”

“எண்ணினதில்ல சார். மூணு வருஷமா.”

அவர் தலைக்குமேல் சுவரில் சாமி படம், பூ போட்டு, ஊதுபத்தி ஏற்றி. அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, குரலைத் தணித்தார். தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார். “லட்டு மஞ்சிதேனய்யா. நல்லதுதான். நாய்க்குத்தான் ஆகாது. அதுல திராட்ச இருக்குல்ல, அது நாய்க்கு கிட்னியப் போட்டுரும். சக்கர, நெய்யி, அது வேற. இந்த வாட்டி தப்பிச்சிரும். இன்னொரு வாட்டின்னா என்கிட்ட வராத. நானு சொன்னேன்னும் யார்கிட்டயும் சொல்லாத.”

இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. அனுப்பும்போது சொன்னார்: திங்கப் பண்டம் எதிர்பார்க்கும், பழக்கம் அப்படி. வீட்டிலேயே செய்து கொடு. கேழ்வரகு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மஞ்சள் பூசணி. உப்பு, சர்க்கரை, எண்ணெய், வெங்காயம் எதுவும் கூடாது. முட்டை போடலாமா என்று நானே கேட்டு, நானே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேன். லாட்ஜுக்குள் முட்டை நாற்றம் வந்தால் எங்கள் ஓனர் நாயோடு சேர்த்து என்னையும் அனுப்பிவிடுவார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “கட்டிக்கினு வந்து பதினோரு வருஷம். ஒரு நாளாவது எனக்கு ஒரு உருண்டை புடிச்சிக் குடுத்திருப்பியா நீ?”

“உனக்கு வாந்தி வந்தா புடிச்சித் தரேன்.”

இப்படிப் பேசியதற்குத் தண்டனையாக அன்று முழுக்கச் சமையலறையில் என்னைத் தனியாக விட்டுவிட்டாள். வெந்த கிழங்கை மசித்து, வறுத்த கேழ்வரகு மாவைக் கொட்டி உருட்டினேன். தவாவில் வைத்து எடுத்தபோது சம்மட்டி இருந்தால்தான் உடைக்க முடியும் என்றிருந்தது. அடுத்த தடவை பூசணியை அள்ளிப் போட்டேன். அது தவாவை விட்டு வருவேனா என்றது. மூன்றாவது தடவை அவளே வந்து என்னைத் தள்ளிவிட்டு, பணியாரக் கல்லை அடுப்பில் ஏற்றினாள். கிழங்கு இரண்டு பங்கு, மாவு ஒரு பங்கு, பூசணி ஈரத்துக்கு மட்டும். குழிக்கு ஒன்றாக வைத்து, தீயைச் சிம்மில் போட்டு, மூடி, கரண்டிக் காம்பால் திருப்பித் திருப்பி எடுத்தாள். மேலே மொறுமொறு, உள்ளே மெத்தென்று வந்தது.

“ஒரு பிடி வேர்க்கடல இடிச்சிப் போட்டா எப்பிடி இருக்கும்,” என்றாள் ஏக்கத்தோடு. நாங்கள் இருவருமே பாலசமுத்திரம் பக்கத்துக்காரர்கள். வேர்க்கடலை சேராத பண்டம் எங்கள் கணக்கில் பண்டமே இல்லை.

“எண்ணெ கூடாதுன்னுட்டாரு டாக்டரு.”

“கடலன்னா எண்ணெயா? கடலன்னா கடல!” என்று டாக்டரையும் சேர்த்துத் திட்டிவிட்டு, போடாமல் விட்டாள்.

முதல் உருண்டையை ஆற வைத்து நாயின் முன்னால் வைத்தேன். மோந்து பார்த்தது. என்னைப் பார்த்தது. மறுபடி உருண்டையைப் பார்த்தது. பிறகு முன்னங்காலால் அதை அப்பால் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டது. பின்னால் நின்ற என் மனைவி சிரித்த சிரிப்பில் இரண்டாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

சரி, நான் கொடுத்தால்தானே தின்னாது, பக்தர்கள் கொடுத்தால் தின்னுமே என்று கணக்குப் போட்டேன். உருண்டைகளைக் கண்ணாடி ஜாடியில் நிரப்பி என் மேசைமேல் வைத்தேன். ‘நாய்க்கு மட்டும்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டினேன். லட்டுக்குப் பதில் இதைப் போடுவார்கள், யாரையும் தடுத்துப் பேசவேண்டிய அவசியமே இல்லை என்று ரொம்பவும் சந்தோஷப்பட்டேன். திருச்சானூரில் உருண்டையாக ஒன்றைச் செய்து ஒரு மேசைமேல் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கவே இல்லை. வந்தார்கள். கை கழுவினார்கள். ஜாடியிலிருந்து ஆளுக்கொன்று எடுத்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள்.

கன்னடக்காரர்களும் மராட்டிக்காரர்களும் எழுத்தைப் படிக்க முடியாதவர்கள், விட்டுவிடலாம். நம் ஆட்களும் படிக்கவில்லை. ஒரு மாமி, பெங்களூரில் இருக்கும் தன் மகளுக்கு இரண்டு டஜன் பொட்டலம் கட்டித் தர முடியுமா என்று கேட்டார். காட்பாடியிலிருந்து வந்த ஒருவர் தின்று முடித்துவிட்டுத்தான் எழுதியிருந்ததைப் பார்த்தார். நான் மேசைக்கடியில் பேனா தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். “பரவாயில்லீங்க, நல்லாத்தான் இருக்கு,” என்று இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் ஜாடி காலி. நாய் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

சனிக்கிழமை வந்தது. வேறு வழி தெரியாமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். லட்டோடு குனிந்த அம்மாவிடம், “இன்னிக்கு ஒண்ணும் துன்னாதும்மா, சனிக்கெழம விரதம்,” என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். புருஷனைக் கூப்பிட்டார். போன் வெளியே வந்தது. சாப்பிடாமல் வாடிப் படுத்திருந்த நாயை எல்லாக் கோணத்திலும் வீடியோ எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் பக்கத்து லாட்ஜ்களிலிருந்தெல்லாம் விரதம் இருக்கும் நாயைப் பார்க்கக் கூட்டம். சாயங்காலம் அதில் பாதிப் பேர் விரதத்தை முடித்து வைக்க லட்டோடு திரும்பி வந்துவிட்டார்கள். என் மனைவி நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளவேண்டியதாயிற்று. “வாயத் தொறந்தா ஒண்ணு நெசத்த சொல்லு, இல்ல மூடிக்கினு இரு,” என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

ஆனால் அன்று என்னால் சிரிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாளாக அது தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தது. மோர்சாதம் வைத்தோம், தொடவில்லை. அது லட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். டாக்டருக்குப் போன் செய்தேன். வயிறு காலியாகவே இருந்தால் இந்த உடம்பு தாங்காது, நாளைக்குள் ஓர் உருண்டையாவது உள்ளே போகவேண்டும், இல்லையென்றால் மறுபடி தூக்கிக்கொண்டு வா, ஆனால் என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். எனக்குப் பயமாக இருந்தது. தெருநாய்க்கு ஏன் இப்படிப் பயப்படுகிறாய் என்று என்னையே திட்டிப் பார்த்தேன். பயம் போகவில்லை.

மறுநாள் மத்தியானம் வரதய்யபாளையத்திலிருந்து வேனில் வந்த ஒரு கூட்டம் அறைகளைக் காலி செய்துகொண்டிருந்தது. அதில் வயசான அம்மா ஒருவர், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலையோடு, மூட்டைகளுக்குக் காவலாகப் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் லட்டில் பாதியை உடைத்து நாயின் வாய்க்குக் கிட்டே கொண்டுபோயிருந்தார். பெரிய துண்டு. அதில் திராட்சை துருத்திக்கொண்டிருந்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. நாய் நான்கு நாளில் முதல் தடவையாகத் தலையைத் தூக்கியது.

“குடுக்காதம்மா! செத்துப்பூடும்!”

அந்தச் சத்தம் என்னுடையதுதான் என்று எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். சாமி பிரசாதத்தைக் கையில் வைத்திருக்கிறவரைப் பார்த்துச் சாவு என்று சொல்லிவிட்டேன். உதை விழும் என்று நினைத்தேன், விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். ஓடிப்போய் நாய்க்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, திராட்சை, கிட்னி, டிரிப்ஸ், நான்கு நாள் பட்டினி என்று எல்லாவற்றையும் தலைகால் புரியாமல் கொட்டினேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. “சக்கர நோவு மாதிரியா?” என்றார்.

“அந்த மாதிரின்னு வெச்சிக்கம்மா.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்த லட்டுத் துண்டை நாயின் வலது கண்ணில் ஒருமுறை, இடது கண்ணில் ஒருமுறை மெதுவாக ஒற்றினார். நாய் கண்ணை மூடிக்கொண்டு காட்டியது. ஒற்றிவிட்டு லட்டைத் தன் பையில் போட்டு முடிந்துகொண்டார். “சாமி குடுத்தது சேந்துடிச்சி. வேணாம்னு யாரும் சொல்லல. இப்ப அது துன்ற மாதிரி எதுனா இருந்தா குடு.”

காலையில் என் மனைவி புதிதாகச் சுட்டு நிரப்பிய ஜாடியை எடுத்து வந்தேன். லட்டின் நெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்த விரல்களாலேயே அவர் ஓர் உருண்டையை எடுத்து நீட்டினார். நாய் அவர் விரலை நக்கியது. உருண்டையை நக்கியது. பிறகு வாயில் வாங்கிக் கடித்தது. அந்த மொறுமொறுப்புச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பில் வாங்க வந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

“எங்க வூட்டுக்காருக்கும் சக்கர,” என்றார் அந்த அம்மா, நாயைத் தடவிக்கொண்டே. “ஊர்ல யாரு மலைக்குப் போய்ட்டு வந்தாலும் ஒரு லட்டு கொண்ணாந்து குடுப்பாங்க. சாமி பிரசாதத்த எப்பிடி வேணாங்கறதுன்னு நான் பேசாம இருந்தேன். அவரு துன்னுக்கினே இருந்தாரு. மொதல்ல காலு போச்சி. போன வருஷம் ஆளும் போயிட்டாரு.” வேன்காரர் ஹாரன் அடித்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “நீ கத்துன நைனா. எங்க வூட்ல நான்கூட கத்தல.”

ஜாடியை அவர் மடியில் வைத்தேன். வேனிலிருந்து இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள். நான்காவது உருண்டையை நாய் தின்று முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.