துரை பங்களா முன்னால் என் குடை

இன்று எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனாலும் முப்பது பேர் குடை விரித்துக்கொண்டு துரை பங்களா வாசல் வழியாக நடந்தோம்.

வெள்ளைக்காரத் துரைகள் போய் நம் ஆளே மேனேஜர் துரையாக வந்த பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. கொட்டும் மழையானாலும் பங்களா முன்னால் தொழிலாளி குடையை மடக்க வேண்டும். அதைக் கேலி செய்யத்தான் இந்த ஊர்வலம். யோசனை என்னுடையது. ஆபீஸ் கிளார்க் என்று முன்னால் நின்றதும் நான்தான்.

வளைவில் துரையின் ஜீப் சத்தம் கேட்டது.

யாரும் சொல்லாமலே என் கை குடையை மடக்கிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு குடைகூட இறங்கவில்லை. துரை ஜீப்பை நிறுத்தி, என்னை மட்டும் பார்த்துச் சிரித்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

கொழுந்தெடுக்கும் மாரியம்மாக்கா பக்கத்தில் வந்து, தன் குடையை என் தலைக்கு மேல் பிடித்தார்.

"வெயிலு ஏறுது சார், இதுக்குள்ள வந்துருங்க."

அதற்குப் பதில் அவர் என்னைத் திட்டியிருக்கலாம். தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் வரை தலை நிமிராமல் நடந்தேன்.

என் குடை நல்ல குடைதான், ஓட்டை கிடையாது. ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் தானாக மடங்கும். யாருக்காவது வேண்டுமா?