மோட்டாருக்கு ஒரு குடம் தண்ணீர்

முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தாவாகப் பத்து வருஷம் இருந்தவன் நான். பிராதும் எதிர்ப் பிராதும் பொய்ச் சாட்சியும் எழுதி எழுதி விரல் காய்த்துப் போயிற்று. அண்ணன் தம்பியை ஏய்த்ததையும், மாமன் மருமகனைத் தூக்கி விழுங்கினதையும் தினசரி அழகான கையெழுத்தில் எழுதுகிறவனுக்கு யார் மேல் நம்பிக்கை வரும்? பால்காரன் செம்பைக் கவிழ்த்துக் காட்டின பிறகும் நான் ஒரு தடவை கையை விட்டுப் பார்ப்பேன். "சந்தேகப் பிராணி" என்று என் அம்மா சொல்வாள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததில்லை, பெருமைதான்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை தொடங்கியதற்கு அடுத்த வருஷம் ஆடியில், பாளையங்கோட்டையில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் விட்டுப்போன மோட்டார் ஏலத்துக்கு வந்தது. ஏழெட்டு வருஷமாகச் சரக்குக் கிட்டங்கியில் கிடந்த வண்டி. மெத்தையில் கோழி அடைகாத்த தடம் இருந்தது, கால் வைக்கிற பலகையைக் கரையான் பாதி தின்றிருந்தது. ஏலத்துக்கு வந்தவர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு ஜோடி உழவு மாட்டின் விலைக்கு எனக்கு விழுந்தது. இத்தனை மலிவாக விடுகிறானே, உள்ளே இருக்கிற சாமானை உருவியிருப்பானோ என்று அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

ஆனால் சாமான் அத்தனையும் இருந்தது. கப்பலில் இருந்து இறங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு திருகாணிகூட மாறாமல் இருந்தது. அதைச் சொன்னவர் என் தங்கச்சி மாப்பிள்ளை. மேற்கே ஆற்றங்கரைப் பஞ்சாலையில் பிட்டர். எங்கள் குடும்பத்தில் பேனா பிடிக்காமல் ஸ்பேனர் பிடித்த ஒரே ஆள். எண்ணெய் வாடை அடிக்கிற மாப்பிள்ளை என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். தங்கச்சியோடு அம்பாசமுத்திரத்தில் குடியிருந்தார். ஞாயிறுதோறும் காலை ரயிலில் டவுணில் எங்கள் வீட்டுக்கு வந்து, சாயங்கால ரயிலில் திரும்புவார்.

அந்த ஆவணியில் தங்கச்சி முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துத் தலைப்பிள்ளை. அம்மா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். தை பிறந்ததும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். மாட்டு வண்டியில் குலுங்க வேண்டாம், ரயிலில் நெரிசல் பட வேண்டாம், இந்த மோட்டாரிலேயே ராணி மாதிரி கொண்டுவந்து இறக்குகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"மொதல்ல அது உருளுதான்னு பாரு லே," என்றாள் அம்மா.

வண்டியை மாட்டுத் தொழுவில் நிறுத்தி, மாப்பிள்ளை ஒவ்வொரு சாமானாகக் கழற்றினார். புதுச் சாமான் வாங்க எனக்கும் வக்கில்லை, சண்டைக் காலத்தில் கப்பலில் வரவும் வழியில்லை. இருந்ததைத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். துருவைச் செங்கல் பொடியும் மண்ணெண்ணெயும் போட்டுச் சுரண்டினோம். தோல் மெத்தைக்கு நல்லெண்ணெய் தடவினேன். டியூபில் காற்று நிற்கவில்லை. அதை எடுத்துவிட்டு டயருக்குள் வைக்கோல் பிரி திணித்தோம். பித்தளைச் சாமான்களை மட்டும் கல்தொட்டியில் புளி கரைத்து ஊறப்போட்டோம். வாரக் கணக்கில் ஊறினால்தான் அந்தக் கரி விடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊறப்போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு பித்தளைச் சாமானின் அடியிலும் கோணி ஊசியால் மூன்று கோடு கீறி வைத்தேன். மாப்பிள்ளைக்குத் தெரியாமல்தான். யாரும் மாற்றிவிட்டால் கண்டுபிடிக்க வேண்டாமா? யாரும் என்றால் யார், தொழுவுக்குள் வருகிறவர் அவர் ஒருவர்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், அவர்தான்.

அவர் கொண்டுவருகிற துணிப்பையும் எனக்கு உறுத்தியது. காலையில் சப்பையாக வரும், சாயங்காலம் புடைத்துக்கொண்டு போகும். ஒரு நாள் அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தபோது பிரித்துப் பார்த்தேன். மகளுக்கு அம்மா கொடுத்த முறுக்கும் நார்த்தங்காய் ஊறுகாயும் இருந்தன. பையை முன்பு இருந்தபடியே முடிந்து வைத்தேன். மனசு ஆறவில்லை, இன்றைக்கு எடுக்கவில்லை என்றுதான் தோன்றியது.

மார்கழியில் எல்லாவற்றையும் தேய்த்துத் துடைத்துப் பூட்ட ஆரம்பித்தோம். கடைசியில் கார்புரேட்டர் வந்தது. அதற்குள் பெட்ரோல் தங்குகிற ஒரு பித்தளைக் கிண்ணம் உண்டு. அடியில் ஈர்க்குச்சி நுழைகிற அளவு ஒரு துளை, ஒரு ஊசி அதை அடைத்துத் திறக்கும். அந்தக் கிண்ணத்தைக் காணோம். தொட்டியைக் கவிழ்த்தோம், வைக்கோலைக் கிளறினோம், தொழுவத்துச் சாணிக்குள்கூட மாப்பிள்ளை கையை விட்டுத் துழாவினார்.

"அது இல்லாட்டி வண்டி உருளாது மச்சான். இங்கனதான் இருக்கும். பைய தேடுவோம்," என்றார்.

பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, தன் பாட்டுக்கு ஒரு பேச்சைப் போட்டார். "மேக்க ஜமீன்லயும் இதே வண்டி ஒண்ணு நிக்கி. அவுகளுக்கும் இந்தக் கிண்ணந்தான் ஒடைஞ்சு போச்சு. போன வாரம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுனாக."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. கோர்ட்டில் ஆயிரம் வாக்குமூலம் எழுதியவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஜமீனுக்கு வேண்டியது கிண்ணம், இங்கே காணாமல் போனதும் கிண்ணம், இரண்டுக்கும் நடுவே ஒரே பிட்டர். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டிலும் மூச்சு விடவில்லை. அம்மாவிடம் சொன்னால் மருமகனுக்குச் சாடை காட்டிவிடுவாள். கள்ளனைப் பிடிக்கப் போகிறவன் தண்டோரா போடுவானா?

மூன்று வாரம் உள்ளுக்குள்ளேயே புழுங்கினேன். ஆற்றில் குளித்துவிட்டு வந்து, பூசையறையில் திருநீறு எடுத்துப் பூசும்போதுகூட "சாஸ்தாவே, எடுத்தவன் கையைக் காட்டு" என்றுதான் கும்பிட்டேன்.

மார்கழிக் கடைசி ஞாயிறு. அவர் ரயிலிறங்கி வந்ததும், உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி, ஆற்றங்கரைத் தோப்பில் இருக்கிற எங்கள் குலத்துச் சாஸ்தா கோவிலுக்குப் போய் வரலாம் என்றேன். பாதி வழியில் விஷயத்தைச் சொன்னேன்.

"கிண்ணத்த எடுக்கலேன்னு சாமி முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க மாப்பிள்ளை. நான் கேக்கது அவ்வளவுதான்."

அவர் நின்றுவிட்டார்.

"சூடம் அணைச்சா பொறகு என்னன்னு தெரியுமில்லா மச்சான்?"

தெரியும். எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தவன் வீடும், செய்யச் சொன்னவன் வீடும் அதற்குப் பிறகு புழங்குவதில்லை. ஒருவர் வீட்டுப் படியை ஒருவர் மிதிப்பதில்லை. சோறு வேண்டாம், ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை. எடுத்தானா எடுக்கவில்லையா என்பது வேறு, சத்தியம் என்று வந்துவிட்டால் உறவு முடிந்தது.

"ஒங்க தங்கச்சி தைக்கு வரணும்," என்றார்.

"மடியில கனமில்லேன்னா வழியில பயம் எதுக்கு?"

வாய் அப்படிச் சொன்னதே தவிர, சத்தியம் வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை. அதற்குப் பயந்து ஒப்புக்கொள்வார், கிண்ணம் வந்துவிடும், மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தங்கச்சியை அழைத்து வரலாம் என்பதுதான் என் கணக்கு. ஆனால் அவர் எனக்கு முன்னால் நடந்தார்.

கேட்கிறவன் தன் வீட்டுத் திருநீறு கொண்டுபோக வேண்டும் என்பது முறை. பூசையறையில் இருந்த கிண்ணத்தோடு எடுத்துத் துண்டில் முடிந்திருந்தேன். பூசாரி கல்லின் மேல் சூடத்தை ஏற்றினார். ஆற்றுக் காற்றில் அது இரண்டு தடவை அணைந்தது. "திருநீத்துக் கிண்ணத்துக்குள்ள வையும் அண்ணாச்சி, மறைவா நிக்கும்," என்றார். துண்டை அவிழ்த்து, திருநீற்றின் மேலேயே சூடத்தை வைத்து ஏற்றினேன்.

மாப்பிள்ளை கையை நீட்டினவர், அப்படியே நிறுத்தினார். கிண்ணத்தையே பார்த்தார். அகப்பட்டான், கள்ளன் தயங்குகிறான் என்று நான் உள்ளுக்குள் குதித்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"நான் எடுக்கல. சாஸ்தா அறிய எடுக்கல," என்று உள்ளங்கையைத் தீயின் மேல் அழுத்தினார். சூடம் அணைந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, மெதுவான குரலில் சொன்னார்:

"இப்பம் அந்தக் கிண்ணத்தக் கவுத்துப் பாருங்க மச்சான்."

திருநீறு கொட்டக் கவிழ்த்தேன். அடியில் ஒரு துளை, அதைச் சிவப்பு அரக்கு வைத்து அடைத்திருந்தது. தஸ்தாவேஜுக் கட்டுகளுக்கு முத்திரை வைக்க நான் கோர்ட்டுக் கச்சேரியிலிருந்து கொண்டுவந்து வீட்டில் வைத்திருந்த அரக்கு. அதற்குப் பக்கத்தில் மூன்று கோடு. நான் கீறியது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையைக் கேட்டிருக்கிறேன். திருநீறாக நெற்றியில் பூசிக்கொண்டே அலைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கிண்ணம் கரிக்கட்டியாக இருந்தபோது பார்த்தவனுக்கு, அது மினுங்கினபோது அடையாளம் தெரியவில்லை. எண்ணெய்த் துணியோடு பூசையறைப் பக்கமே வராத மனுஷனுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

"பாத்த ஒடனே தெரிஞ்சிட்டுல்லா? அணைக்கதுக்கு முன்னாலயே சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னா, நானே கொண்டாந்து ஒங்க பூசையறையில வச்சேன்னு சொல்லுவீங்க. பொறகு எத்தனை சூடத்த அணைச்சாலும் ஒங்களுக்கு ஆறாது."

அப்படித்தான் சொல்லியிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை.

இந்தச் சத்தியத்தை இல்லையென்று ஆக்க வழி உண்டா என்று பூசாரியிடம் கேட்டேன். "கிண்ணம் கெடைச்சதெல்லாம் சரி அண்ணாச்சி. சாமி முன்னால நடந்தது நடந்ததுதான்," என்றார். மாப்பிள்ளை அதற்குள் ஸ்டேஷன் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி, "அரக்கச் சுத்தமா எடுத்துட்டு மாட்டுங்க. ஊசி மேல பாக்க நிக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் கிண்ணத்தை வைத்தேன். திருக்கார்த்திகைக்கு விளக்குகளைத் துலக்கியபோது, அதே புளித் தொட்டியில் கிடந்ததையும் சேர்த்துத் துலக்கியிருக்கிறாள். பிடிக்க வசதியாக ஓரத்தில் ஒரு காது இருந்தது. பழைய திருநீற்றுக் கிண்ணம் விரிசல் விட்டிருந்தது. துளையை அடைத்து எடுத்து வைத்துக்கொண்டாள். நான் நடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா எடுத்துத் தந்திருப்பேனே. கேக்கதுக்கு ஒனக்கு வாய் இல்லையா?"

நான் கிண்ணத்தில் ஒட்டியிருந்த திருநீற்றைத் துடைத்தேன்.

"சத்தியம் கேட்டவன் நீ. நான் ஒண்ணும் கேக்கல. எம்மகளுக்கு நான் போய்ப் பேறு பாப்பேன்," என்றாள். "இனிமே எனக்கு அங்கனதான் சோறு."

தை இரண்டாம் தேதி வண்டி உருண்டது. கிண்ணத்தை நானே மாட்டினேன். எந்த நெம்புகோல் எதற்கென்று மாப்பிள்ளை புரட்டாசியிலேயே சொல்லித் தந்திருந்தார். அம்மாவையும், பிள்ளைக்கென்று அவள் தைத்த துணி மூட்டையையும், பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து இடிக்க வேண்டிய சரக்கையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தங்கச்சி உட்கார வேண்டிய மெத்தையில் மூட்டை உட்கார்ந்திருந்தது. சேரன்மகாதேவியில் ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்து பார்த்தார்கள். தங்கச்சியைக் கூட்டி வர எந்த ரோட்டில் போக நினைத்தேனோ அந்த ரோட்டில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அம்பாசமுத்திரத்தில் தங்கச்சி வீட்டு வாசலை எட்டியபோது வண்டியின் முன்பக்கத் தண்ணீர்த் தொட்டி கொதித்து ஆவி அடித்தது. மத்தியான வெயில். அம்மா இறங்கி உள்ளே போனாள். நான் தெருவிலேயே நின்றேன். மாப்பிள்ளை நடையில் வந்து நின்று எட்டிப் பார்த்தார், பிறகு உள்ளே திரும்பி என்னவோ சொன்னார்.

தங்கச்சி வயிற்றைத் தாங்கிக்கொண்டு, இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. நான் கையை நீட்டியிருப்பேன் போல, தெரியவில்லை. அவள் குடத்தை என்னிடம் தரவில்லை. மாப்பிள்ளை வாங்கி, மூடியைத் துணியால் திறந்து, பையப் பைய ஊற்றினார். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

"வண்டிக்குக் குடுக்கலாம்ணே," என்றாள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. "போதுமா, இன்னொரு கொடம் கொண்டாரட்டா?"

போதும் என்றேன். டவுணிலிருந்து கிளம்பினதிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. கல்லிடைக்குறிச்சி தாண்டி ஆற்றில் இறங்கித்தான் குடித்தேன்.