மூடி மாறிய கைக்கடிகாரம்

என் தங்கை பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை தோற்று, பிறகு தேறினாள். சின்ன வயதுக் காய்ச்சலில் மங்கிய இடது கண்ணோடு கடிகாரக் கடையில் வேலை வாங்கினாள். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத் திருப்புளி" என்ற சித்தப்பாவின் வாயையும் அடைத்தாள். அவர் கடிகாரம் இப்போது அவளிடம்தான் பழுதுக்கு வருகிறது.

ஆனாலும் பழைய கைக்கடிகாரம் இன்ன மாதிரி, இன்ன மாடல் என்று கண்டு சொல்வது அவள். விற்கும்போது கொடுக்கும் சான்றில் கையெழுத்து முதலாளியுடையது. ஒரு தடவை தப்பாகச் சொன்னாலும் மறுபடி கண்ணாடி அலமாரி துடைக்கிற வேலைதான் என்று அவர் சொல்லி வைத்திருந்தார்.

அன்று அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கப் போனேன். முகம் வெளுத்திருந்தாள். கடையில் விற்பனைக்கு வந்த ஒரு கடிகாரத்தை அபூர்வ மாதிரி என்று காலையில் சொல்லிவிட்டாள். வாங்க வந்தவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கம்பெனிக் கடிகாரங்கள் வெளியே ஒரே அச்சு. மாதிரி எண் பின்மூடிக்கு உள்ளேதான் இருக்கும்.

"அண்ணா, இந்த மூடி இதோடதில்ல" என்றாள் மெதுவாக.

பழுது பார்க்கிறவர்கள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடிக்குள் ஊசியால் ஒரு குறி கீறுவார்கள். இந்த மூடியில் குறிகள் நிறைய. உள்ளே திருகுகளிலோ திருப்புளி பட்ட தடமே இல்லை. காலையில் அதே தட்டில் ஒரு பஸ் டிரைவரின் கடிகாரத்தையும் திறந்து வைத்திருந்தாளாம். அதை அவர் வாங்கிப் போய்விட்டார்.

"முதலாளிகிட்ட என்ன சொல்லப் போற?"

"மொதல்ல மூடி வரட்டும். ஓடுண்ணா, பஸ் கெளம்பிடப் போகுது."

எதிரே இருந்த பஸ் நிலையத்துக்கு ஓடினேன். வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"மணி சரியாத்தானேப்பா காட்டுது? முதுகுல என்ன இருந்தா எனக்கென்ன?" என்றார் டிரைவர்.

"என் தங்கச்சி வேல போயிடுங்க."

அவர் கண்டக்டரைப் பார்த்தார். "ஏன் லேட்டுன்னு யாராவது கேட்டா கடிகாரம் சரியில்லன்னு சொல்லு" என்று இறங்கினார்.

கடையில் தங்கை எல்லோர் முன்னாலும் இரண்டு மூடிகளையும் கழற்றினாள். டிரைவர் கடிகாரத்தில் திருகுகள் தேய்ந்திருந்தன. மூடியில் ஒரு கீறல்கூட இல்லை.

"முதலாளி, மாத்திப் போட்டது நான்தான். நம்மளது சாதா மாதிரி. அபூர்வ மாதிரி இவரோடது."

வாங்க வந்தவர் நாற்காலியை டிரைவர் பக்கம் நகர்த்தினார். "விக்கிறீங்களா?"

"வித்துட்டு மணிய எதுல பாக்குறது?" என்றபடி டிரைவர் தன் மூடியைப் போட வைத்து, கட்டிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். துடைக்கும் துணி எங்கே இருக்கிறது என்று என் கண் தானாகத் தேடியது.

"சாதாவே இருக்கட்டும், வாங்கிக்கிறேன்" என்றார் வாங்க வந்தவர். "ஆனா சான்றுல இந்தப் பொண்ணு கையெழுத்து வேணும்."

"அவ போடுறதில்லீங்க."

"அப்ப எனக்கு வேண்டாம்."

முதலாளி பேனாவை அவள் பக்கம் தள்ளினார். "போடு. நகத்தக் கடிக்காமப் போடு."

தங்கை முழுப் பெயரையும் எழுதினாள். அன்று 2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.