இடுப்பில் ஒரு கறுப்புப் பொருக்கு

எங்கள் எஸ்டேட்டில் அட்டை கடிக்காத உடம்பு கிடையாது. தேயிலைக் கொழுந்து கிள்ளப் போனால் கடிக்கும். கடித்த இடத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள். அதைப் போய் டாக்டரிடம் சொன்னால் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளே சிரிக்கும்.

என் அக்காவும் சொல்லவில்லை. ஒரு வாரமாகக் காய்ச்சல். மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிட்டு, "சரியாப் போயிரும்டி, நீ ஒன் சோலியப் பாரு" என்று என்னை விரட்டினாள். என் சோலியே அதுதான். தேவிகுளம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியன். ஊர் ரத்தத்தையெல்லாம் பார்க்கிறவளுக்குத் தன் ரத்தத்தைப் பார்க்க அக்கா அனுமதி தரவில்லை. படுத்த இடத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் ஏற்ற முடிந்தது.

"உடம்பில எங்கேயாவது கறுத்த பொருக்கு உண்டோ?" என்று கேட்டார் மலையாளி டாக்டரம்மா.

"ஒண்ணுமில்ல" என்று அக்கா சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா பிழைக்கமாட்டாளோ என்று பயந்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமும் சேர்ந்து வரும். திரையை இழுத்துவிட்டு, அவள் கையைத் தட்டிவிட்டுத் தேடினேன். வேலைக்குப் போகும்போது மழைப் படுதாவை இறுக்கிக் கட்டுகிற இடத்தில், இடுப்பு மடிப்புக்குள், காய்ந்த சுண்ணாம்பு அப்பியிருந்தது. துடைத்தால் அடியில் பீடியால் சுட்ட மாதிரி ஒரு கறுப்பு.

"அது அட்டை கடிச்சதுடி!"

"அட்டை கடிச்சா இப்படிக் கருகுமா?"

கடித்தது கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு. அந்த உண்ணிக் காய்ச்சலை, அதாவது ஸ்க்ரப் டைஃபஸை, மலையாளத்தில் செள்ளுப் பனி என்பார்கள்; கடித்த இடம் இப்படிக் கருகுவதுதான் அதற்கு அடையாளம். அதைக் கொண்டுவரும் பாக்டீரியா சரியான எமகாதகன். நம் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு, செல்லே தன்னை விழுங்கும்படி செய்துவிடும். விழுங்கியதைப் பைக்குள் போட்டுச் செரிக்கத்தான் செல் பார்க்கும். அதற்குள் பையைக் கிழித்து வெளியே வந்து, நடுவீட்டில் சம்மணம் போட்டு, அங்கிருக்கிற சோற்றையே தின்று பெருகும். அக்கா விழுங்கிய மாத்திரை உள்ளே போய்ச் சண்டை போடுகிற ரகமில்லை. உள்ளே நுழைகிற மருந்தை டாக்டரம்மா உடனே ட்ரிப்பில் ஏற்றினார்.

அன்றைக்கு அக்காவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எந் தங்கச்சியக் கூப்பிடுங்கம்மா" என்று என்னிடமே கெஞ்சினாள். "நாந்தாங்க்கா" என்றேன். அவளுக்கு ஏறவில்லை. வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

இரண்டாம் நாள் காலை காய்ச்சல் இறங்கியிருந்தது. கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கடி போயித் தொலஞ்ச? கூப்பிட்டுக்கிட்டே கெடந்தேன்."

"டீ குடிக்கப் போனேங்க்கா" என்றேன்.