பசியில்லாதவன் கேட்ட ரயில் காசு

பரமட்டா ஸ்டேஷனில் சட்டைப்பையைத் தடவியபோதுதான் பர்ஸ் தொலைந்தது தெரிந்தது. பிளாக்டவுன் பள்ளி வாசலில் என் ஏழு வயது மகள் தனியே நிற்பாள்; மழை இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நாட்டுக்கே புதியவன், தெரிந்த முகம் ஒன்றுமில்லை. வெட்கத்தை விழுங்கி, ரயில் காசுக்குக் கைநீட்டினேன். முகங்கள் கதவுகளாய்ச் சாத்திக்கொண்டன. ஒரு கனவான் மட்டும் நின்றார்.

"காசு தந்தால் குடித்துவிடுவாய். பசியென்றால் சாப்பாடு வாங்கித் தருகிறேன்."

பசியில்லை, பிள்ளை காத்திருக்கிறாள் என்றேன். காதில் ஏறவில்லை. இறைச்சி அடைத்த சூடான சொசேஜ் ரோல் ஒன்றை என் கையில் திணித்துவிட்டு, புண்ணியம் தேடிக்கொண்ட நடையோடு போனார். அன்று வெள்ளிக்கிழமை, நான் மச்சமாமிசம் தொடாத நாள்.

கடைசியில் பூ விற்ற பெண் ஒருத்தி, ஒன்றும் விசாரிக்காமல் காசு தந்தாள்.

மகள் நனைந்து, அழுது ஓய்ந்து நின்றாள். என் கையிலிருந்த ரோலைப் பார்த்தாள்.

"இது வாங்கவோ அப்பா இவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

அந்தக் கேள்வி இன்னும் சுடுகிறது. என் தேவை பசிதான் என்று தீர்ப்பெழுத அந்த மனிதர் யார்? இப்போது தெருவில் யார் கைநீட்டினாலும் காசைத்தான் வைக்கிறேன்.

"அவன் குடிச்சுப்போடுவானப்பா," என்று மனைவி கையை இழுப்பாள்.

"குடிச்சால் குடிக்கட்டும். அவன்ரை பிள்ளையும் எங்கையேன் மழையிலை நிண்டால்?"