ஞானம்மா எடுத்துவைத்த மூவர் படம்

வல்லம் வடகால் கிராமத்து ஞானம்மா, 2011இல் ஒரகடம் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பழைய பேப்பர் பிரித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக் கழிவுக் காகிதம் கன்டெய்னரில் கட்டுக்கட்டாக வரும். அதை உடைத்துக் கம்பியையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்க வேண்டும். ஷெட்டில் அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள்.

ஆடி மாதம் ஒரு கட்டிலிருந்து பழுப்புக் கவர் ஒன்று விழுந்தது. உள்ளே நாற்பது ஐம்பது போட்டோக்கள். குழி விழுந்த சாம்பல் தரை, கறுத்த வானத்தில் பாதி பூமி, அந்தரத்தில் மிதக்கும் ஓர் ஆள். எல்லாவற்றின் மேல் ஓரத்திலும் சிவப்பு மையில் எண். ஞானம்மா கவரை சூப்பர்வைசர் நரசிம்மனிடம் கொடுத்துவிட்டார். ஒன்றை மட்டும் முந்தானையில் செருகிக்கொண்டார். வெள்ளை அங்கி போட்ட மூன்று பேர், வெயிலில் நிற்கும் படம். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

கோவில்பட்டிப் பையன் மணிகண்டபிரபு அங்கே ஃபிட்டர். சாப்பாட்டு நேரத்தில் படத்தைப் பார்த்தவன், எண்ணைக் குறித்துக்கொண்டு சுங்குவார்சத்திரம் பிரவுசிங் சென்டருக்குப் போனான். திங்கட்கிழமை வந்து சொன்னான். இவை ராக்கெட் விட ஆரம்பித்த காலத்திலேயே அச்சிட்டவை, சிவப்பு எண் போட்ட படங்களை வெளிநாட்டில் தேடித்தேடிச் சேர்க்கிறார்களாம். அப்புறம் அந்த மூவரைப் பற்றிச் சொன்னான்.

"செத்துப்போயிட்டாகக்கா. வானத்துல இல்ல, தரையிலதான். ராக்கெட்டுக்குள்ள பூட்டி வச்சு சோதனை பாக்கையில தீப்பிடிச்சிருச்சு. கதவத் தொறக்க முடியல."

போட்டோக்களின் மதிப்பு நரசிம்மனுக்கும் தெரிந்துவிட்டது. இன்னும் என்னென்ன வெளியே போயிருக்குமோ என்று முதலாளிக்குச் சந்தேகம். மறுநாளே ஷெட்டின் பின்கதவில் புதுப் பூட்டு தொங்கியது. சாவி நரசிம்மன் பையில். மிச்சமிருந்தது முன் ஷட்டர். அதன் வழியை அடைத்தபடி பேப்பர் கட்டுகளும், கட்டு அழுத்தும் மெஷினும். அந்த மெஷின் மோட்டாரில் சில நாளாகவே தீய்ந்த வாடை.

ஞானம்மா போகும்போதும் வரும்போதும் அந்தப் பூட்டையே பார்த்தார். மூன்றாம் நாள் படத்தைக் கொண்டுபோய் நரசிம்மன் மேஜைமேல் வைத்தார்.

"நான் எடுத்தது இது ஒண்ணுதான் சார். வச்சுக்கங்க. பின்கதவ தொறந்து வுட்டுடுங்க."

மூவருக்கு நேர்ந்ததையும் சொன்னார். நரசிம்மன் படத்தை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். திருடி என்று பட்டம் கட்டி ஞானம்மாவை வெளிவாசல் பெருக்க அனுப்பினார். கதவுப் பூட்டு அப்படியே இருந்தது.

டீ நேரத்தில் வினோதினி கிண்டல் செய்வாள். இருபத்திரண்டு வயசு, ஷெட்டிலேயே சின்னவள். "இன்னாக்கா, ராக்கெட்காரங்க கனவுல வந்தாங்களா?" ஞானம்மா சிரிக்கமாட்டார். ஷட்டர் பக்கமாகவே நின்று வேலை செய் என்பார். காற்றில்லாமல் பேப்பர் தூசி உள்ளே பனிபோல் நின்றது. மோட்டாரை நிறுத்திப் பார்க்கணும் என்று மணிகண்டபிரபு இரண்டு முறை எழுதிக் கொடுத்தான். ஆர்டர் முடியட்டும் என்றார்கள்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, பகல் பதினொரு மணி. ஷட்டர் வாயில் முதலில் புகை, உடனே தீ. பின்கதவில் உள்ளேயிருந்து தட்டுகிறார்கள். ஞானம்மா கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பூட்டு உடையவில்லை. தாழ்ப்பாள்தான் ஐந்தாவது அடியில் பெயர்ந்து வந்தது. பத்துப் பேர் தவழ்ந்து வெளியே வந்தார்கள். வினோதினி வரவில்லை.

விசாரணையில், கதவு சும்மா சாத்தியிருந்தது என்றார் நரசிம்மன். ஞானம்மா கூடைப்பையிலிருந்து தாழ்ப்பாளோடு அந்தப் பூட்டை எடுத்து அதிகாரி முன் வைத்தார். பூட்டியபடியே இருந்தது.

அதற்குப்பின் அந்தப் பக்கத்துக் கான்ட்ராக்டர் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் மணிகண்டபிரபு தங்கியிருந்த ஹாஸ்டல் சமையலறையில் காய் நறுக்கப் போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து வினோதினியின் தாய் காமாட்சியம்மாள் அங்கே தேடி வந்தார்.

"கதவாண்ட வந்துட்டாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். "வந்துட்டாம்மா. கையெட்டுற தூரம்தான்."

"எத்தினி அடி அடிச்ச?"

"அஞ்சு."

காமாட்சியம்மாள் ஒவ்வொரு விரலாக ஐந்து வரை மடக்கினார். பிறகு பஸ்ஸுக்கு எழுந்து போனார்.