மரக்காணத்தில் நான் மிதித்த உப்பு

உப்புச் சத்தியாக்கிரகம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, பங்குனி மாதத்தில், ஆம்பூரிலிருந்து மரக்காணத்துக்குப் போனோம். கடல் பார்க்கிற ஆசையில் அல்ல. என் மனைவி பச்சையம்மாளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஏக்கம். ஆனால் அவள் அப்பா எங்களைக் கூப்பிடவே இல்லை. நான் தோல் மண்டியில் வேலை செய்கிறவன் என்பதற்காகக் கல்யாணத்துக்கே வராத மனிதர். கூப்பிடாவிட்டால் என்ன, நாமே போய் நிற்போம் என்று முடிவு செய்தது அவள்தான்.

விடிகாலை ரயிலில் காட்பாடி. அங்கே சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். அது வேலூர், கணியம்பாடி, திருவண்ணாமலை என்று ஒவ்வொரு ஊரையும் குசலம் விசாரித்துக்கொண்டு விழுப்புரம் போகிறது. மறுபடி வண்டி மாறித் திண்டிவனம். அங்கிருந்து மரக்காணம் இருபத்திரண்டு மைல், பஸ் உண்டு. டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொன்னேன்.

"இதுக்கு மேல மெதுவா ஓட்னா வண்டி நின்னுடும்யா" என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். மாமியார் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். மாமனார் மகளிடம் "வந்தியா" என்றதோடு சரி. என்னிடம் பேச்சே இல்லை. ஆனாலும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு பிரமாதம். கோபக்கார வீட்டிலும் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மரக்காணத்தில் பழைய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. கரையோரம் மீன்பிடிக்கிறவர்கள், உள்ளே தள்ளி உப்பளத்துக்காரர்கள். சென்னப்பட்டணத்திலிருந்து வரும் கால்வாய் இங்கேதான் முடிகிறது. உப்பு ஏற்றிய படகுகள் அதில் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மறுநாள் காலையில் மாமனார் பின்னாலேயே அவர் வேலை செய்யும் உப்பளத்துக்குப் போனேன். செருப்பை வரப்பிலேயே விட்டேன், அதுவரை சரி. வெள்ளை வெளேரென்று குவித்திருந்த உப்பைப் பார்த்ததும் மண்டிப் பழக்கம் வந்துவிட்டது. காலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினேன். சுற்றி வேலை செய்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். காரியம் கெட்டது என்று புரிந்தது.

"உங்க ஊர்ல உப்ப கால்லதான் பாப்பீங்களா?" என்றார் மாமனார். என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

"ஆமாங்க. தோல் மேல கொட்டி மிதிக்கிற உப்பு. நொறுங்குற சத்தத்துலயே ஈரம் ஜாஸ்தியா கம்மியான்னு தெரிஞ்சிடும். பழக்கத்துல வச்சிட்டேன்."

"பாத்தியில நாங்களும் எறங்குறோம். குவிச்சப்புறம் அது லட்சுமி. கால் படக்கூடாது."

வெட்கமாக இருந்தது. குனிந்து குவியலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் என் காலையே பார்த்தார். விரலிடுக்கெல்லாம் உப்பு அரித்த புண். அவர் காலிலும் அதே புண்தான்.

"வேப்பெண்ண போட்றதில்லியா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அளத்தை வெயில் ஏறுமுன் பாருங்கள், குடிதண்ணீர் கையில் இருக்கட்டும், குவியலுக்குப் பக்கத்தில் காலை அடக்கி வையுங்கள்.

மூன்றாம் நாள் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். பச்சையம்மாள் இங்கேயே இருக்கட்டும் என்று மாமனார் வாய் திறந்து சொல்லவில்லை. அதனால் அவளும் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மாமனார் வந்தார். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு துணி முடிச்சு. என் பைக்குள் வைத்தார்.

"தனியா பொங்கித் தின்னப் போறீங்க. இது சோத்துக்கு உப்பு. மிதிச்சுப் பாக்காதீங்க, மாப்ள."